வட்டத்தொட்டியும் பீடித்தட்டும்

வார இறுதியில் ஒரு புத்தகத்தைப் பாதி படித்து, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, இரவில் ஒரு திரைப்படம் பார்த்ததாக யாரேனும் சொன்னால், 'வேறு வேலையில்லையா?' என்று கேட்பது நம் வழக்கம். ஓய்வைச் சோம்பலின் மறுபெயராகக் கருதப் பழகிவிட்டோம். நெல்லைச் சீமையின் இலக்கிய வரலாறு சொல்வதோ இதற்கு நேர்மாறானது.

1920களில் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில், ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டு வட்டத்தொட்டியில் ஞாயிறு மாலைகளில் நண்பர்கள் கூடினர். பிற்காலத்தில் அவர் குற்றாலத்தில் குடியேறியபோது அந்தச் சூழலும் உடன் வந்தது. ராஜாஜியும் கல்கியும் தேடி வந்தனர். அருவியில் குளியல், வயிறார உணவு, பிறகு கம்பன். ஒரே பாடலை நிறுத்தி நிறுத்தி, திரும்பத் திரும்பச் சொல்லி அனுபவிப்பதே அவர் முறை. 1954இல் அவர் மறையும் வரை இது தொடர்ந்தது. அவருடைய கம்பராமாயணப் பதிப்பின் பாடத் திருத்தங்களை ஏற்காதவர்கள் உண்டு; அவர்கள் பக்கம் நியாயமும் உண்டு. ஆயினும் பண்டிதர்களின் உரைகளுக்குள் அடைபட்டிருந்த கவிதையைப் பொது வாசகனின் செவிக்குக் கொண்டுவந்ததில் அந்த நிதானத்துக்குப் பெரும் பங்குண்டு. அவசரத்தில் தகவல் கிடைக்கும், ரசனை கிடைக்காது.

இங்கே ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. அந்த விருந்துக்காக அடுப்படியில் நின்றவர்களுக்குப் பாட்டைக் கேட்க எவ்வளவு நேரம் வாய்த்திருக்கும்?

தாகூரின் குறுநாவலைத் தழுவி சத்யஜித் ரே 1964இல் எடுத்த 'சாருலதா' இக்கேள்வியின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. சாருவுக்கு நேரம் ஏராளம். அதைப் பகிரத்தான் ஆளில்லை. சன்னல் சன்னலாகச் சென்று, தெருவில் போவோரைக் கைக்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருக்கிறாள். தோட்டத்து ஊஞ்சலில் ஆடியபடி இலக்கியம் பேசக் கிடைத்த சில பொழுதுகளுக்குப் பிறகே அவள் எழுதத் தொடங்குகிறாள். பேச்சுத் துணையில்லாத ஓய்வு வெறும் தனிமை. துணை கிடைத்ததும் அது படைப்பாகிறது.

இனி இன்றைய தென்காசிக்கு வருவோம். சாரல் காலத்து வார இறுதிகளில் ஊர்தோறும் இருந்து வண்டிகள் வந்து குவிகின்றன. அருவிக்கரையில் வரிசையில் நின்று, தலையை நனைத்து, மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். அதைக் குறைசொல்ல மாட்டோம். ஆனால் அதே சனி ஞாயிறுகளில் சுற்றுவட்டார ஊர்களின் திண்ணைகளில் பெண்கள் மடியில் பீடித்தட்டோடு அமர்ந்திருக்கிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கூலிக் கணக்கு. கை நின்றால் கூலியும் நிற்கும். அந்தக் கணக்கில் ஞாயிற்றுக்கிழமை இல்லை.

ஞாயிறு விடுமுறை நமக்குத் தானாகக் கிடைத்ததன்று. நாராயண் மேகாஜி லோகாண்டே தலைமையில் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் போராடி 1890இல் பெற்றது அது. பீடித் தொழிலாளர்க்கென 1966இல் தனிச் சட்டமே வந்தது. ஆயினும் வீட்டுக்குள் நடக்கும் வேலைக்கு விடுமுறையை யார் அறிவிப்பது? பீடி சுற்றி முடித்து எழுந்தாலும் காத்திருப்பது சமையற்கட்டுதான்.

வாசிப்பு அருகிவிட்டதென்று நாம் அடிக்கடி வருந்துகிறோம். பழியைத் தொலைக்காட்சி மீதும் கைப்பேசி மீதும் போடுகிறோம். யாருக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை மட்டும் கேட்பதில்லை. நூலகத்தைத் திறந்துவைப்பதோடு பணி முடிந்துவிடாது; அங்கு வந்து உட்காரும் ஒரு மணி நேரத்தையும் கூலியிழப்பின்றித் தர வேண்டும். நம் வீடுகளிலும் இதைத் தொடங்கலாம். ஞாயிறன்று நாம் புத்தகத்தோடு சாய்ந்திருக்கும்போது அடுக்களையில் இருப்பவர் யார் என்று பார்த்தால் போதும். அடுத்து செய்ய வேண்டியது தானே விளங்கும்.

ஓய்வைக் கொண்டாடுவோம், வெட்கப்பட வேண்டியதில்லை. அது சிலருக்கே உரிய சொத்தாக இருக்கும்வரை, நம் இலக்கியமும் சிலருடையதாகவே இருக்கும்.