அம்மா ஏன் வெளி வாங்கில?

டூலா மருத்துவிச்சி இல்லை. மருந்து கொடுக்கமாட்டா, பிரசவம் பார்க்கமாட்டா. நோவு கண்ட பெண்ணின் முதுகை நீவி, கையைப் பிடிச்சுக்கொண்டு கூடவே இருப்பா. எங்கட அம்மம்மாக்கள் காசில்லாமல் செய்த வேலைதான். இப்ப கொழும்பில பக்கேஜாக விற்கிறார்கள். விற்கட்டும். இரவிரவாக விழித்திருக்கிறவவுக்குக் கூலி வேணும்தானே. காசில்லாதவள் ஏன் தனியக் கிடக்கவேணும் என்பதுதான் எங்கட கேள்வி.

பெண் விரும்பும் ஒருவர் பிரசவத்தின்போது கூட இருக்கவேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2018இல் பரிந்துரைத்தது. இங்கே பல அரச ஆஸ்பத்திரிகளில் பெற்ற தாய்கூட வெளி வாங்கில்தான். கேட்டால், மற்றப் பெண்களுக்கு மறைப்பு இல்லையாம். அப்ப திரைச்சீலையைப் போடுங்கோ! ஒரு கட்டிலுக்கு எத்தனை முழம் துணி? சிங்களம் விளங்காத தோட்டத்துப் பிள்ளைக்கு, தாதி சொல்வதைத் தமிழில் சொல்லவாவது ஒருத்தியை உள்ளே விடுங்கோ.