தொற்றுக் காலத்தில் கடற்கரை உலா

பள்ளி விடுமுறை என்றதும் பினாங்குப் பிள்ளைகளின் நினைவுக்கு வருவது பத்து பெரிங்கிக் கடற்கரை. கோவிட் 19 பெருந்தொற்றைத் தடுக்க, 18.3.2020 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது அக்கடற்கரையும் வெறிச்சோடியது.

பெரியவர்களில் நூற்றுக்கு 90 பேர் தடுப்பூசியை முழுமையாகப் பெற்றபின், 11.10.2021 முதல், அவ்வாறு பெற்றோர் மாநிலம் விட்டு மாநிலம் செல்ல அனுமதி கிடைத்தது. குடும்பங்கள் கடற்கரைக்குப் புறப்பட்டன. தாய் தந்தையர்க்கு ஓரளவு காப்பு இருந்தது. உடன் சென்ற தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கோ இல்லை. 5 முதல் 11 வயதினருக்குத் தடுப்பூசி தொடங்கியது 2022 பிப்ரவரியில்தான். அந்தச் சில மாதங்கள் பொறுத்திருக்கலாம் என்பதே என் கருத்து.

“கடற்காற்றில் கிருமி தங்குமா?” என்பர் சிலர். திறந்த வெளியில் தொற்று குறைவு என்பது மெய்தான். ஆயினும் பயணம் மணலோடு முடிவதில்லையே! விடுதியின் மின்தூக்கி, அடைத்த உணவுக்கூடம், நெரிசலான பேருந்து, இவையன்றோ ஆபத்து? விடுதி அறையைத் துப்புரவு செய்யும் தாய்க்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. விருந்தினர் வாராமையால் அவள் கூலி இழந்ததை நான் மறுக்கவில்லை. அதை ஈடு செய்வது அரசின் கடமை.

காத்திருப்பது நமக்குப் புதிதன்று. கப்பலில் வந்த நம் முன்னோர் பலர் ஜெரெஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் வைக்கப்பட்டனர். பினாங்குக் கரை கண்ணெதிரே, கால்வைக்கவோ அனுமதியில்லை.

இனியொரு தொற்று வருங்காலத்தில், கடலைக் கண்டே தீரவேண்டும் என்போர், அரசு அனுமதிக்குமாயின், அருகிலுள்ள கரைக்கு விடியலில் சென்று, கட்டுச்சோறு உண்டு, கூட்டம் சேருமுன் திரும்பலாம். பிள்ளை இருமினால் அதுவும் வேண்டா.