வெள்ளம் வந்து தங்கும் மைதானம்

குத்தகை என்றால் என்ன என்று நம் வாசகர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நிலம் ஒருவருடையது, அனுபவிக்கிறவர் இன்னொருவர், வருஷத்துக்கு இத்தனை என்று பேச்சு. ஆனால் இப்படி ஒரு குத்தகையைக் கேள்விப்பட்டதுண்டா?

"நிலத்தை எடுத்துக்கொள். புல் வளர்த்துக்கொள். பந்து விளையாடிக்கொள். ஆனால் மழை கொட்டுகிற ராத்திரியில் ஆற்றுத் தண்ணீரை நான் உள்ளே விடுவேன். ஆள் முழுகுகிற அளவுக்கு விடுவேன். அப்போது ஏன் என்று கேட்கக் கூடாது!"

பத்திரத்தில் இதே வார்த்தைகள் இல்லைதான். ஆனால் சாரம் இதுவே. குத்தகைக்கு விட்டவர் அமெரிக்க மத்திய சர்க்காரின் ராணுவ இன்ஜினீயர் படை. எடுத்தவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரசபை. பயிர்? கோல்ஃப் மைதானம்!

லாஸ் ஏஞ்சல்ஸ் என்றதும் ஹாலிவுட்டும் சினிமா நட்சத்திரங்களும்தான் உங்கள் நினைவுக்கு வரும். அந்த ஊருக்கு ஓர் ஆறும் உண்டு. வருஷத்தில் பல மாதம் அதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் மட்டும் சுற்றியுள்ள மலைகளிலிருந்து தண்ணீர் தலைதெறிக்க ஓடி வரும். நம் பக்கத்துக் காட்டாறுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சுபாவம் புரியும். காலையில் மணல், மாலையில் கடல்.

1938-ம் வருஷம் பிப்ரவரி கடைசியில் ஆரம்பித்த மழை மார்ச் முதல் வாரத்தில் அந்த ஊரையே புரட்டிப் போட்டது. பாலங்கள் போயின, வீடுகள் போயின, நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அதன் பிறகு மத்திய சர்க்கார் சும்மா இருக்கவில்லை. ராணுவ இன்ஜினீயர்கள் வந்து ஆற்றின் பெரும் பகுதிக்குக் கான்கிரீட்டில் கரையும் அடித்தளமும் போட்டு, அதை ஒரு பிரம்மாண்டமான சாக்கடைபோல் ஆக்கிவிட்டார்கள். ஆற்றின் அழகு போயிற்று என்று இன்றைக்கும் வருத்தப்படுகிறவர்கள் அங்கே உண்டு. ஆனால் 1938-ல் வீட்டைப் பறிகொடுத்தவர்கள் அழகைப் பற்றி யோசித்திருப்பார்களா என்பது சந்தேகம்.

கான்கிரீட் வாய்க்கால் எவ்வளவு அகலமாக இருந்தாலும் ஒரே நேரத்தில் எல்லாத் தண்ணீரையும் தாங்காது. அதனால் மேலே சில இடங்களில் அணை கட்டினார்கள். 1940-ல் ஹான்ஸன் அணை, 1941-ல் ஸெபுல்வீடா அணை. இந்த அணைகளில் ஒரு வேடிக்கை. அணை என்றால் பின்னால் ஏரி இருக்கும், படகு ஓடும் என்றுதானே நினைப்போம்? இவற்றின் பின்னால் பெரும்பாலான நாட்களில் வெறும் தரைதான். மழைக் காலத்தில் வரும் பெருவெள்ளத்தைச் சில மணி நேரமோ சில நாளோ பிடித்து வைத்து, பிறகு மெதுவாகக் கீழே விடுவதுதான் வேலை. அதாவது, காலியாக இருப்பதுதான் இவற்றின் உத்தியோகம்!

ஸெபுல்வீடா அணைக்குப் பின்னால் இப்படிக் காலியாக இருக்க வேண்டிய நிலம் சுமார் 2,000 ஏக்கர். இரண்டு பெரிய நெடுஞ்சாலைகள் சந்திக்கும் மூலையில், நகரத்துக்குள்ளேயே. அங்கே ஒரு ஏக்கர் விலையை விசாரித்தால் நமக்கு மயக்கம் வந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தை வேலி போட்டு, வருஷத்தில் நாலு நாள் வரும் வெள்ளத்துக்காகப் பூட்டி வைப்பதா?

1944-ம் வருஷத்து வெள்ளத் தடுப்புச் சட்டம் இதற்கு ஒரு வழி வைத்தது. இத்தகைய நிலங்களைப் பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் குத்தகைக்கு விடலாம். உள்ளூர் அரசாங்கம் பொது ஜனங்களுக்காகக் கேட்டால் பணம் வாங்காமலே கொடுக்கலாம். நகரசபை கேட்டது, கிடைத்தது. இன்று ஸெபுல்வீடாவில் பதினெட்டுக் குழி கோல்ஃப் மைதானங்கள் மூன்று இருக்கின்றன: என்ஸினோ, பால்போவா, உட்லி லேக்ஸ். ஹான்ஸன் அணைப் பக்கத்திலும் ஒன்று. கோல்ஃப் மட்டுமில்லை. செயற்கை ஏரி, பறவைகளுக்கான சரணாலயம், பொம்மை விமானம் விடுகிறவர்களுக்கு ஓர் ஓடுதளம், ஏன், கிரிக்கெட் மைதானங்கள்கூட உண்டு. அந்த ஊரில் மட்டையும் பந்துமாகத் திரியும் நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு உட்லி என்றால் கிரிக்கெட்தான். (சினிமாக்காரர்களும் அணையை விட்டு வைக்கவில்லை. 1981-ல் வந்த 'எஸ்கேப் ஃப்ரம் நியூயார்க்' படத்தின் சில காட்சிகளை அதன் முன்னால் எடுத்தார்கள்.)

கோல்ஃப் எதற்கு, அது பணக்காரர் விளையாட்டு அல்லவா என்று கேட்பீர்கள். தனியார் கிளப்புகளில் அப்படித்தான். அங்கே சேருவதற்கே ஒரு சொத்தை விற்க வேண்டும். நகரசபை மைதானம் வேறு. பஸ் டிரைவரும் பள்ளிக்கூட வாத்தியாரும் ஓய்வு பெற்ற தாத்தாவும் அன்றைய கட்டணத்தைக் கொடுத்துவிட்டு ஆடலாம். வெள்ளத்துக்கும் இந்த விளையாட்டுக்கும் ஒரு பொருத்தமும் இருக்கிறது. வீடு முழுகினால் சுவர் போயிற்று, அரிசி மூட்டை போயிற்று, கல்யாண ஆல்பம் போயிற்று. புல் முழுகினால் வண்டலை வாரிக் கொட்டிவிட்டு, குப்பையைப் பொறுக்கிவிட்டு, மறுபடி தண்ணீர் பாய்ச்ச வேண்டியதுதான்.

நிபந்தனைகளும் சாமானியமானவை அல்ல. இந்த நிலத்தில் ஒரு லாரி மண் கொட்டி மேடு எழுப்பினால், வெள்ளம் தங்கும் இடம் அந்த அளவுக்குக் குறைந்து போகிறது. ஆகவே இங்கே மேடு போட்டால் வேறோர் இடத்தில் அதே அளவு தோண்டியாக வேண்டும். கட்டடம் என்றால் இன்ஜினீயர்களின் சம்மதம் வேண்டும். நம் ஊரில் ஏரி நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்த்துப் பட்டா வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு வினோதமாகத் தோன்றலாம்.

இதெல்லாம் வெறும் சம்பிரதாயம் என்று நினைத்தவர்களுக்கு 1992 பிப்ரவரியில் பதில் கிடைத்தது. அன்று பெய்த மழையில் பள்ளம் மளமளவென்று நிரம்பிற்று. அதன் நடுவே போகும் பர்பாங்க் சாலையில் கார்களோடு ஜனங்கள் மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டர் கொண்டுவந்து தூக்க வேண்டியதாயிற்று. அணை தன் வேலையைத்தான் செய்தது. கீழே இருந்த ஊர் பிழைத்தது. அதற்குப் பிறகு பெருமழை என்றால் அந்தச் சாலைகளைச் சீக்கிரமே மூடிவிடுகிறார்கள்.

இப்போது விவகாரத்துக்கு வருகிறேன். லாஸ் ஏஞ்சல்ஸில் வீடில்லாமல் தெருவில் படுப்பவர்கள் பல்லாயிரம் பேர். இவ்வளவு பேர் தெருவில் கிடக்கும்போது, சிலர் குச்சியால் பந்தைத் தட்ட இத்தனை ஏக்கரா என்ற கேள்வி எழாமல் இருக்குமா? கலிபோர்னியா சட்டசபையில் ஓர் அம்மாள் மசோதாவே கொண்டுவந்தார், நகரசபை கோல்ஃப் மைதானங்களில் குறைந்த வாடகை வீடுகள் கட்ட உதவ வேண்டும் என்று. 2022-ல் அது நிறைவேறாமலே போயிற்று. கேள்வி நியாயமானதுதான். வேறு மைதானங்களைப் பற்றி அப்படிக் கேட்டால் நானும் கை தூக்குவேன். ஆனால் ஸெபுல்வீடாவில் கட்டும் வீடு வெள்ளத்துக்கு நேர்ந்துவிட்ட வீடு. ஏழைக்கு வீடு கொடுக்கிறேன் என்று அவனை அணைக்குள் குடி வைப்பதைப் போன்ற பாதகம் வேறு உண்டா?

கொடுமை என்னவென்றால், யாரும் கொடுக்காமலே சிலர் அங்கே குடியிருந்திருக்கிறார்கள். ஆற்றோரப் புதர்களுக்குள் கூடாரம் அடித்து, அடுப்பு மூட்டி. அதில் தீப்பிடித்ததும் உண்டு. அதிகாரிகள் வந்து காலி செய்யச் சொன்னால், எங்கே போவது என்று அவர்கள் கேட்பதற்குப் பதில் அந்த 2,000 ஏக்கருக்குள் இல்லை. நகரத்தின் மற்ற இடங்களில்தான் தேட வேண்டும்.

நிலத்துக்காரரும் சில சமயம் நிலத்துக்காரரைப் போலவே நடந்துகொள்கிறார். 2012 டிசம்பரில் ராணுவ இன்ஜினீயர்கள் புல்டோசரைக் கொண்டுவந்து, சரணாலயப் பக்கத்தில் சுமார் 43 ஏக்கர் மரம் செடிகளை ஒரே வீச்சில் வழித்துவிட்டார்கள். பறவை பார்ப்பவர்கள் கொதித்துப் போனார்கள். குத்தகைக்காரர் எத்தனை வருஷம் பாசத்தோடு வளர்த்தாலும் மண் யாருடையது என்பது அன்றைக்குத் தெரிந்தது. வெள்ளத்துக்கு வழி விட வேண்டும் என்பது சரி. கேட்டுவிட்டுச் செய்தால் என்ன குறைந்து போயிற்று?

நகரசபை தன் பங்குக்கு எப்படி நடத்துகிறது? 2024-ல் ஒரு புகார் பெரிதாகக் கிளம்பிற்று. நகரசபை மைதானங்களில் காலை நேரத்து ஆட்டத்துக்கு இடம் கிடைப்பதே இல்லை. முன்பதிவு திறந்த சில விநாடிகளில் எல்லாம் தீர்ந்து போகிறது. யார் வாங்குகிறார்கள் என்று பார்த்தால், நடுவில் தரகர்கள்! அவர்கள் மொத்தமாகப் பதிவு செய்துகொண்டு, செல்போன் வழியாகக் கூடுதல் விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். சினிமாக் கொட்டகை வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்கிறவனை நாம் பார்த்ததில்லையா? அதே ஆசாமிதான், கையில் மட்டும் புது யந்திரம். ஜனங்களுக்குச் சல்லிசாகக் கிடைக்கட்டும் என்று கொடுத்த இடத்தில் தரகன் கல்லாப்பெட்டி வைத்துவிட்டான்.

ஆட்டக்காரர்கள் கூட்டத்துக்குப் போய் உரக்கவே பேசினார்கள். நகரசபையின் பூங்கா இலாகா அந்த வருஷமே ஒரு நிபந்தனை போட்டது: பதிவு செய்யும்போதே ஆளுக்கு 10 டாலர் கட்ட வேண்டும். ஆட வந்தால் அது கட்டணத்தில் கழியும், வராவிட்டால் திரும்பாது.