பற்கடிப்பும் பல் சீரமைப்பும்

மனித உடலில் எலும்பினும் கடினமான பொருள் ஒன்று உண்டு. அதுவே பல்லின் மேலுறையாகிய எனாமல். முறிந்த எலும்பு கூடும். கிழிந்த தோல் ஆறும். தேய்ந்த எனாமலோ மீண்டும் வளர்வதில்லை. அத்தகைய செல்வத்தை நம்மில் பலர், தாமறியாமலே, உறக்கத்தில் அரைத்துத் தேய்த்துவிடுகின்றனர். இரவில் பல்லை நறநறவெனக் கடிப்போர், இந்நாளில் பெரிதும் பேசப்படும் கம்பியில்லாப் பல் சீரமைப்பை நாடலாமா என்பதை இத்திங்கள் சிந்திப்போம்.

நற்செய்தியில் பற்கடிப்பு கடுந்துயரின் அடையாளமாக வருகிறது. ஆனால் உறக்கத்தில் பல் கடிப்பவரைச் சினம் மிக்கவர் என்றோ, மனத்தில் வஞ்சம் வைத்திருப்பவர் என்றோ எவரும் பழிக்க வேண்டா. அது உறக்கத்தோடு தொடர்புடைய ஒரு தசை இயக்கம். மனக்கவலை, மது, புகையிலை, மிகுதியான தேநீர், காப்பி, மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மருந்துகள், குறட்டையோடு மூச்சுத் தடைபடும் நோய் ஆகியவை அதைத் தூண்டக்கூடும். இராஜபாளையத்தின் நூற்பாலைகளில் இரவு ஷிப்டு பார்ப்போரின் வாழ்வை எண்ணிப் பாருங்கள். இந்த வாரம் பகலில் உறக்கம், அடுத்த வாரம் இரவில் உறக்கம், விழித்திருக்கத் தேநீர், குடும்பக் கவலை. பற்கடிப்புக்கு இவை போதாவோ?

குழந்தை பல் கடித்தால் வயிற்றில் பூச்சி என்று கூறும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. அதற்கு உறுதியான சான்று இல்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர இப்பழக்கம் தானே மறையும். ஆனால் குழந்தை வாயால் மூச்சு விட்டு, குறட்டையும் விட்டால், தொண்டைச் சதையை மருத்துவரிடம் காட்டுவது நலம்.

பெரியவர்களிடம் இதனைக் கண்டறியச் சில அடையாளங்கள் உண்டு. காலையில் எழும்போது தாடை வலிக்கும், நெற்றிப்பொட்டில் தலைவலி இருக்கும், பல் கூசும், பல்லின் முனை தட்டையாகியிருக்கும். ஆயினும் முதலில் அறிபவர் அருகில் உறங்குபவரே. ஆகவே கணவனும் மனைவியும் இதை ஒருவருக்கொருவர் கூச்சமின்றிச் சொல்லிக்கொள்வது நல்லது.

இனி அலைனர் எனப்படும் தெளிவான பல் உறைகளுக்கு வருவோம். 1997-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட அலைன் டெக்னாலஜி நிறுவனம், இன்விசலைன் என்னும் பெயரில் இவற்றைப் பரப்பிற்று. மெல்லிய பிளாஸ்டிக்கால் ஆன உறைகள் வரிசையாகச் செய்யப்படும். ஒவ்வோர் உறையும் பல்லை ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர் நகர்த்தும். ஓரிரு வாரங்களுக்கு ஒரு முறை உறையை மாற்ற வேண்டும். நாள்தோறும் 20 முதல் 22 மணி நேரம் அணிந்திருக்க வேண்டும்.

பல் கடிப்பவர் இதை அணியலாமா? பலர் அணியலாம் என்பதே விடை. எனினும் மூன்று உண்மைகளை மனத்தில் இருத்த வேண்டும். முதலாவது, உறை பல்லை நேராக்குமேயன்றிப் பற்கடிப்பை நிறுத்தாது. இரண்டாவது, மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே அது ஓரளவு தடுப்பாக இருந்தாலும், கடுமையாகக் கடிப்பவரிடம் தேயும், விரிசலிடும். பல்லில் ஒட்டப்படும் சிறு பிடிப்புகளும் பெயரலாம். மூன்றாவது, முன்பே நைட் கார்டு எனும் இரவுக் காப்பு வைத்திருப்பவருக்கு, பற்கள் நகர்ந்தபின் அது பொருந்தாது. சிகிச்சை முடிந்ததும் புதிதாகச் செய்ய வேண்டும். அச்செலவையும் முதலிலேயே கணக்கிட்டுக் கொள்வது அறிவுடைமை.

நம் ஊர் வழக்கங்களையும் எண்ண வேண்டும். உறையோடு கொதிக்கும் தேநீர் அருந்தினால் அது உருக்குலையும், கறையும் படியும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை உறையோடு உண்டால் இனிப்பு உறைக்குள் தங்கிச் சொத்தையை உண்டாக்கும். ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டும். வாய் கொப்பளித்த பின்னரே மீண்டும் அணிய வேண்டும். நாளுக்கு எட்டு முறை தேநீர் அருந்துபவர் 22 மணி நேரக் கணக்கை எவ்வாறு காப்பார்?

மகளின் திருமணத்திற்கு முன் பல்வரிசை சீராக வேண்டுமென்று நகையை அடகு வைக்க எண்ணும் பெற்றோர் உண்டு. அலைனருக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேலும் செலவாகலாம். இரவுக் காப்போ அதனினும் பன்மடங்கு குறைந்த செலவில் கிடைக்கும். பல் தேய்வது தான் குறை எனில், அக்காப்பே போதும். வரிசையும் கோணலாயிருந்தால், சொத்தையையும் ஈறு நோயையும் முதலில் குணப்படுத்தி, பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். பட்டம் பெற்ற மருத்துவரை நேரில் கண்டு, பற்கடிப்பை மறைக்காமல் கூறி, அதன்பின் முடிவெடுக்க வேண்டும். மருத்துவரை நேரில் காணாமல் அஞ்சல் வழியே உறை பெறும் முறையை அமெரிக்காவில் பரப்பிய ஸ்மைல் டைரக்ட் கிளப் நிறுவனம் 2023 டிசம்பரில் மூடப்பட்டது. சிகிச்சையின் நடுவே இருந்தோர் வழியறியாது நின்றனர். அது நமக்கும் பாடம்.

காசில்லாத மருந்தும் ஒன்று உண்டு. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர, மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவேண்டுவதில்லை. உதடுகள் மூடியிருக்கட்டும், பற்கள் விலகியிருக்கட்டும், நாக்கு அண்ணத்தில் இளைப்பாறட்டும். பகல் வேலையினூடே அடிக்கடி இதை நினைவுகூர்ந்தால், விழித்திருக்கையில் பல்லை இறுக்கும் பழக்கம் தளரும். இரவு உணவுக்குப்பின் தேநீரைக் குறைப்போம். குடும்பக் கவலைகளைப் படுக்கைக்குக் கொண்டு செல்லாமல், மாலையிலேயே ஒருவரோடொருவர் பேசித் தீர்த்துக்கொள்வோம். வரிசையாய் அமைந்த பல் அழகுதான். ஆயினும் முதுமையிலும் முறுக்கைக் கடித்து உண்ண உதவும் உறுதியான பல்லே நாம் பிள்ளைகளுக்கு முதலில் காத்துத் தரவேண்டிய செல்வம்.