தேதி போட்ட பூட்டு

1972 ஜூன் 17 அதிகாலையில் வாஷிங்டனின் வாட்டர்கேட் கட்டடத்துக்குள் அத்துமீறி நுழைந்த ஐந்து பேர் பிடிபட்டார்கள். அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து, அதே ஊரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிரான்ஸ்பர்க் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டலாமா என்று முடிவுசெய்யும் குடிமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி அழைத்துக் கேட்டால், தகவல் தந்தவர் யாரென்று சொல்ல மறுக்கும் உரிமையைப் பேச்சுச் சுதந்திரப் பிரிவு பத்திரிகையாளருக்குத் தரவில்லை என்பது அதன் சாரம். ‘வாஷிங்டன் போஸ்ட்’ நிருபர்கள் பாப் உட்வர்டும் கார்ல் பெர்ன்ஸ்டீனும் அடுத்த இரண்டு ஆண்டுகள் வாட்டர்கேட் விவகாரத்தைத் துருவியது இந்த நிலைமையில்தான். “உங்கள் பெயர் வெளியே வராது” என்று அவர்கள் கொடுத்த வாக்குக்குப் பின்னால் சட்டம் நிற்கவில்லை. அவர்களுடைய நாணயமும், மேசை இழுப்பறையில் கிடந்த காகிதங்களும் மட்டுமே இருந்தன.

அந்தக் காகிதங்கள் இன்று ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரி ரான்சம் மையத்தில் இருக்கின்றன. 2003-இல் 50 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். குறிப்பேடுகள், தட்டச்சு செய்த நேர்காணல்கள், செய்திகளின் வரைவுகள் என்று எழுபத்தைந்து பெட்டிகளுக்கு மேல். விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை உண்டு: பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் உயிரோடு இருக்கும்வரை, அவரைக் காட்டிக்கொடுக்கும் தாள் வாசிப்பறைக்கு வராது. உட்வர்டுக்கு ரகசியமாகத் தகவல் தந்து, “டீப் த்ரோட்” என்று உலகம் அறிந்த மனிதர் எஃப்பிஐயின் இரண்டாம் நிலை அதிகாரியாக இருந்த மார்க் ஃபெல்ட் என்பது, 2005-இல் அவரே முன்வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவர் தொடர்பான தாள்கள் 2007-இல் வாசகருக்குத் திறக்கப்பட்டன. உட்வர்ட் தம் குறிப்புகளில் அவருக்கு இட்ட அடையாளம் ‘எம்.எஃப்.’ என்ற இரண்டு எழுத்து. ‘மை ஃபிரண்ட்’ என்பதன் சுருக்கம் அது. மார்க் ஃபெல்ட்டின் தலைப்பெழுத்துகளும் அவையே. இழுப்பறையை யாராவது திறந்திருந்தால் அரை நிமிடத்தில் ஊகித்திருக்கலாம். உலகையே உலுக்கிய ரகசியம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்பதை அச்சான செய்தி சொல்லாது, அந்த இரண்டு எழுத்து சொல்லும்.

பத்திரிகையே நூலகத்தில் இருக்கும்போது கிறுக்கல் காகிதம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பத்திரிகையில் வருவது சமைத்து இறக்கிய சோறு. எந்த வீட்டு அரிசி, எவ்வளவு கல் பொறுக்கினார்கள், எதைத் தூக்கி எறிந்தார்கள் என்பது அதில் தெரியாது. யார் சொன்னார்கள், எத்தனை பேரிடம் சரிபார்த்தார்கள், ஆசிரியர் எந்தப் பத்தியை வெட்டினார் என்பதெல்லாம் குறிப்பேட்டிலும் வரைவின் ஓரத்திலும்தான் கிடக்கும். இன்னும் கூர்மையான கேள்வியும் உண்டு: பிரபலமானவர்கள் தங்கள் பெருமைக்குத் தாங்களே கட்டிக்கொள்ளும் மண்டபத்துக்குப் பல்கலைக்கழகம் ஏன் இடம் தர வேண்டும்? ஆஸ்டினிலேயே இதற்கு நல்ல பதில் இருக்கிறது. உட்வர்டும் பெர்ன்ஸ்டீனும் 1974-இல் வெளியிட்ட நூலில், கிராண்ட் ஜூரி உறுப்பினர்கள் சிலரைத் தேடிப் போனோம், எவரும் வாய் திறக்கவில்லை என்று எழுதினார்கள். அதே நூலில் ‘இசட்’ என்ற பெண் மறைபொருளாகச் சில தகவல் தருகிறார். 2012-இல், அவர்களுடைய பத்திரிகையின் ஆசிரியர் பென் பிராட்லியின் வாழ்க்கையை எழுதப் போன ஜெஃப் ஹிம்மல்மன், பிராட்லி கட்டிவைத்திருந்த பெட்டிகளில் பெர்ன்ஸ்டீன் 1972 டிசம்பரில் தட்டச்சு செய்த ஏழு பக்கக் குறிப்பைக் கண்டார். ‘இசட்’ ஒரு கிராண்ட் ஜூரி உறுப்பினர் என்பது அதில் இருந்தது. உட்வர்டும் பெர்ன்ஸ்டீனும் வேறு விளக்கம் சொன்னார்கள், விவாதம் நடந்தது. பிராட்லியின் தாள்களும் இப்போது அதே ரான்சம் மையத்தில் இருக்கின்றன. நூலில் சொன்னதையும் பெட்டியில் கிடப்பதையும் ஒரே கூரையின் கீழ் வைத்து எவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். காகிதம் தன் எஜமானுக்கு எதிராகவும் சாட்சி சொல்கிறது என்பதுதான் அதைப் பேணுவதற்கான என் முதல் காரணம். குடும்பத்தார் கையில் மட்டும் இருந்தால் இத்தகைய தாள் முதலில் காணாமல் போய்விடும்.

எல்லா எதிர்ப்பிலும் கனமானது வேறொன்று. தகவல் தந்தவரைக் காப்பாற்றுவதுதான் தொழில் தர்மம் என்றால், வேலை முடிந்ததும் குறிப்புகளைக் கொளுத்திவிடுவதே நியாயம் அல்லவா? இதைச் சொல்பவர்களுக்குக் கைகாட்ட பாஸ்டன் இருக்கிறது. 2001-இலிருந்து 2006 வரை, பத்திரிகையாளர் எட் மொலோனியின் மேற்பார்வையில் வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதப் போராளிகளிடம் எடுத்த ஒலிப்பதிவுகளை பாஸ்டன் கல்லூரி தன் நூலகத்தில் வைத்தது. பேசியவர் இறக்கும்வரை எதுவும் வெளியே போகாது என்று வாக்கு. 2011-இல், பத்துப் பிள்ளைகளின் தாயான ஜீன் மக்கான்வில் 1972-இல் கொல்லப்பட்ட வழக்குக்காகப் பிரிட்டிஷ் தரப்பு அமெரிக்க அரசு வழியே அந்த நாடாக்களைக் கேட்டது. வழக்கு நடந்தது. கடைசியில் ஒரு பகுதி ஒப்படைக்கப்பட்டது. நம்பிப் பேசியவர்களின் குரல் காவல்துறைக்குப் போய்ச் சேர்ந்தது.

இது பெரிய துரோகம், சப்பைக்கட்டு கட்டக்கூடாது. ஆனால் தவறு எங்கே நடந்தது? மொலோனிக்கும் கல்லூரிக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் ‘அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு’ என்ற சொற்கள் இருந்தன. பேசியவர்கள் கையெழுத்திட்ட படிவத்தில் அவை இல்லை. காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுத்ததுதான் குற்றம். பிரான்ஸ்பர்க் தீர்ப்பு வந்து கிட்டத்தட்ட முப்பது ஆண்டு ஆன பிறகும் ஒரு கல்லூரி அந்த வாக்கைக் கொடுத்தது. கொளுத்துவதும் சொல்கிற அளவு பாதுகாப்பல்ல. குறிப்பை எரித்தாலும் எழுதியவரின் நினைவு எரியாது, நீதிமன்றம் அவரையே கூண்டில் ஏற்றும். அரசு ஆவணங்கள் என்றைக்காவது திறக்கும். அதற்கு எதிரே வைக்கப் பத்திரிகையாளர் பக்கம் ஒன்றும் மிஞ்சாவிட்டால், வரலாறு காவல் நிலையப் பதிவேட்டின் மொழியிலேயே எழுதப்படும். எரிப்பதைவிடத் தேதி போட்டுப் பூட்டுவது மேல். அந்தப் பூட்டு எவ்வளவு தாங்கும் என்பதை மறைக்காமல் சொல்லிப் பூட்ட வேண்டும். தாங்காத அளவு ஆபத்தான பெயரைப் பல்கலைக்கழகம் வாங்கவே கூடாது.

தமிழ்ப் பத்திரிகை உலகுக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல. 1981-இல் 97,000 நூல்களோடு யாழ்ப்பாண நூலகம் எரிந்த அதே நாட்களில் ஈழநாடு நாளிதழின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. ஓர் இடத்தில் மட்டும் இருப்பது ஒரே தீயில் போய்விடும். காப்பாற்றிக் காட்டியதும் நம்மிடம் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே வைத்தது. அச்சான இதழுக்குச் செய்ததைக் கையெழுத்துக் குறிப்பேட்டுக்கும் செய்யலாம். இடமும் பணமும் இல்லை என்பார்கள். ஆஸ்டின் கொடுத்த விலை இங்கே தேவையில்லை. அமிலமில்லா அட்டைப்பெட்டி, ஈரம் ஏறாத ஓர் அறை, பொறுமையான ஒரு காப்பாளர், சட்டம் தெரிந்தவர் எழுதிய இரண்டு பக்க ஒப்பந்தம் இருந்தால் தொடங்கிவிடலாம்.

காலத்தைத்தான் விலைக்கு வாங்க முடியாது. பிட்மன் முறையில் தமிழ்ச் சுருக்கெழுத்துப் பயின்று சட்டமன்றத்திலும் பொதுக்கூட்டத்திலும் குறிப்பெடுத்த தலைமுறை முதுமையில் இருக்கிறது. அந்தக் கோடுகளையும் புள்ளிகளையும், அவரவர் கண்டுபிடித்த சொந்தச் சுருக்கங்களோடு படிக்க எழுதியவரால்தான் முடியும். எந்தப் பெயருக்கு இன்னும் பத்தாண்டு பூட்டு வேண்டும், எவர் ஏற்கெனவே மறைந்துவிட்டார் என்பதும் அவருக்கே தெரியும். ஆகவே பெட்டி கைமாறுவது அவர் இருக்கும்போதே நடக்க வேண்டும். காப்பாளர் ஒவ்வொரு குறிப்பேடாகத் திறந்து கேட்க, அவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்ல, பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் தேதி குறிக்கப்பட வேண்டும்.