இருநூற்று நாற்பது மைல்

பூகோளப் படத்தை விரித்துக் கனடா நாட்டின் வடகோடியை நோக்குவோமாயின், கோர்ன்வாலிஸ் தீவில் ரெசொலூட் பே என்றும், எல்ஸ்மியர் தீவில் கிரைஸ் பியோர்ட் என்றும் இரு சிற்றூர்களைக் காண்போம். இரண்டிலும் விமான நிலையம் உண்டு. இரண்டையும் இணைக்கும் வீதிதான் இல்லை. ஆகாய மார்க்கமாகத் தூரம் ஏறக்குறைய 240 மைல். சிறிய இரட்டை இயந்திர விமானம் ஒன்றரை மணி நேரத்திற் கடந்துவிடும்.

இது காகிதக் கணக்கு. கிரைஸ் பியோர்டின் சரளைக்கல் ஓடுபாதை மலையடிவாரத்தில் அமைந்தது, நீளமும் சொற்பம். மூடுபனியோ காற்றோ எழுந்துவிட்டால் ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு நாட்கணக்கிற் காத்திருக்க நேரும். சாமான் கப்பலோ ஆண்டுக்கு ஒரு முறையே வருவது.

இத்தூரத்துக்கு வேறொரு கதையும் உண்டு. 1953இல் கனடா அரசாங்கம் கியூபெக் மாகாணத்து இனுக்ஜுவாக்கிலிருந்து இனுயிட் குடும்பங்கள் சிலவற்றைக் கப்பலேற்றி இப்பகுதிகளிற் குடியேற்றியது. எல்லோரும் ஓரிடத்திலேயே வாழ்வோம் என நம்பியிருந்தவர்கள், வெவ்வேறு இடங்களில் இறக்கப்படப் போவதைக் கப்பலிலேதான் அறிந்தனராம். இரண்டு ஆண்டில் ஊர் திரும்பலாம் என்று கூறப்பட்ட சொல்லும் காப்பாற்றப்படவில்லை. உறவினருக்கு இடையே விழுந்த இடைவெளிதான் அந்த 240 மைல். 2010இல் அரசாங்கம் மன்னிப்புக் கோரிற்று. அதற்குள் 57 ஆண்டுகள் கழிந்திருந்தன!

2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி கிரைஸ் பியோர்டில் 144 பேர் வாழ்ந்தனர். உறவினரைக் காணவும், பெரிய வைத்தியசாலைக்குச் செல்லவும் அங்குள்ளோர் நம்பியிருப்பது அந்தச் சிறு விமானத்தையே.