கசியாத டேங்க் எது? கேட்டவர் இருவர், பதிலும் இரண்டு



கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு வந்து உட்காருங்கள். ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பவர்கள் ராத்திரி படித்துக்கொள்ளலாம்.

ஒரே மாதத்தில் இரண்டு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ஒருவன் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கும் என் பழைய மாணவன், வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இன்னொருவன் நம் உறவுக்காரப் பையன், காலேஜ் இரண்டாம் வருடம். யார் என்று யாரும் துப்பறிய வேண்டாம். "சார், வேப் டேங்க் கசிந்து சட்டைப்பையெல்லாம் பாழாகிறது. கசியாததாக, காயில் விலை கட்டுப்படியாகிறதாக ஒன்று சொல்லுங்கள்" என்றான் முதலாமவன். இரண்டாமவன், "பிரெண்டுக்காகக் கேக்கறேன் தாத்தா" என்று ஆரம்பித்து அதையேதான் கேட்டான். முப்பத்தோரு வருடம் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுத்தவனாயிற்றே, பம்ப் ஸ்டவ்விலிருந்து ஆர்.ஓ. மெஷின் வரை கழற்றி மாட்டுகிறவனாயிற்றே, எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருக்கிறார்கள். தெரியும்தான்.

பெரியவர்களுக்காக முதலில் ஒரு வார்த்தை. வேப் என்பது மின்சிகரெட். சீனாவைச் சேர்ந்த ஹான் லிக் என்ற மருந்தாளுநர் 2003 வாக்கில் இன்றைய வடிவத்தை உருவாக்கினார். நெருப்பு கிடையாது, புகையிலை கிடையாது. பேட்டரி, அதன் மேல் ஒரு சின்ன டேங்க், டேங்குக்குள் புரொப்பிலீன் கிளைகாலும் கிளிசரினும் நிக்கோடினும் வாசனையும் கலந்த திரவம். நடுவில் பஞ்சு சுற்றிய ஒரு கம்பிச் சுருள். அதுதான் காயில். பஞ்சு திரவத்தை உறிஞ்சும், கம்பி சூடாகும், ஆவி வரும், அதை இழுப்பார்கள். நம் வீட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் திரியும் இதே வேலையைத்தான் செய்தது.

சரி, டேங்க் ஏன் கசிகிறது? டம்ளரில் முழுக்கத் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு அட்டையை வைத்து, தலைகீழாகக் கவிழ்த்து வகுப்பில் காட்டுவேனே, நினைவிருக்கிறதா? முதல் பெஞ்சில் இருப்பவர்கள் நோட்டை எல்லாம் எடுத்து மறைத்துக்கொள்வீர்கள். தண்ணீர் கொட்டாது. வெளியே இருக்கும் காற்றழுத்தம் தாங்கிப் பிடிக்கும். டேங்கும் அப்படித்தான். மேல் மூடி இறுக்கமாக இருக்கும்வரை உள்ளே அழுத்தம் சற்றுக் குறைவாக இருக்கும். பஞ்சு ஈரமாக இருந்து கீழ் வாசலை அடைத்துக்கொள்ளும். திரவம் தேவைக்கு மட்டும் இறங்கும். மூடியின் ரப்பர் வளையம் வெடித்தாலோ, திருகு சரியாக விழாவிட்டாலோ, மேலே காற்று நுழையும். அட்டையின் ஓரத்தைத் தூக்கினால் என்ன ஆகும்? அதேதான்.

இன்னொரு காரணம் காற்றுத் துவாரம் இருக்கும் இடம். பழைய மாடல்களில் துவாரம் அடியில் இருக்கும். பஞ்சைத் தாண்டி ஒரு சொட்டு வழிந்தாலும் நேரே சட்டைப்பைக்குத்தான். துவாரத்தை மேலே வைத்த டேங்குகளில் திரவம் மேலே ஏறி வந்தால்தான் வெளியேற முடியும், அதனால் கசிவு வெகுவாகக் குறையும். மூன்றாவது, திரவத்துக்கும் காயிலுக்கும் பொருத்தம். ஓம் குறைவான காயிலில் பஞ்சுக்குப் போகும் துளைகள் பெரிதாக இருக்கும், அதற்குக் கெட்டியான, கிளிசரின் அதிகமான திரவம் வேண்டும். அதில் நீர்த்த திரவத்தை ஊற்றினால் வெள்ளம்தான். ஒரு ஓமுக்குப் பக்கத்தில் இருக்கும் காயிலுக்கு நீர்த்த திரவம் சரி.

பலருக்குத் தோன்றாத காரணம் வெயில். சுத்தமான கிளிசரினை 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுபோனால் அதன் பாகுத்தன்மை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிடும். லெஸ்டர் குளிருக்குக் கசியாத டேங்க், சித்திரை மாதத்து ஜிஎஸ்டி ரோட்டில் ஒழுகும். விமானத்திலும் அப்படித்தான். மேலே போகப் போகக் கேபின் அழுத்தம் குறையும், டேங்குக்குள் அடைபட்ட காற்று விரிந்து திரவத்தை வெளியே தள்ளும். மைப்பேனாவைச் சட்டைப்பையில் வைத்து விமானம் ஏறிய என் வயதுக்காரர்களுக்கு இந்தப் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை.

கசிந்தால் சட்டை மட்டும் பாழாவதில்லை. இங்கிலாந்துச் சட்டப்படி டேங்க் 2 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது, புட்டி 10 மில்லிக்கு மேல் கூடாது, நிக்கோடின் மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. பெருக்கிப் பாருங்கள். ஒரு டேங்கில் 40 மில்லிகிராம், ஒரு புட்டியில் 200 மில்லிகிராம் நிக்கோடின். நிக்கோடின் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். அந்தக் காலத்தில் பூச்சி மருந்தாகச் செடிக்கு அடித்த பொருள் அது. தவழுகிற குழந்தை இருக்கும் வீட்டில், மாம்பழ வாசனையோடு தரையில் கிடக்கும் ஒரு புட்டியை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. லெஸ்டர்க்காரனுக்கு இரண்டு வயதுப் பெண் இருக்கிறாள். அவன் கேள்வியை நான் அலட்சியம் செய்யாததற்கு அதுதான் காரணம்.

அடுத்தது காயில் விலை. நம் குரோம்பேட்டையில் ஆர்.ஓ. மெஷின் இல்லாத வீடு எத்தனை? மெஷினைத் தள்ளுபடியில் கொடுப்பார்கள். ஆறு மாதம் கழித்து பில்டர், ஒரு வருடத்தில் மெம்பரேன், சர்வீஸ் சார்ஜ் என்று வரும்போதுதான் மெஷினின் உண்மையான விலை தெரியும். வேப் வியாபாரமும் அச்சு அசல் அதே. டேங்க் ஒரு முறை வாங்குவது, காயில் வாரா வாரம் சாப்பிடுவது. இனிப்பு வாசனைத் திரவங்களில் சுக்ரலோஸ் போன்றவை சேர்ந்திருந்தால், பால்கோவா கிண்டிய சட்டி மாதிரி கம்பியில் அடிப்பிடித்துக் காயில் இன்னும் சீக்கிரம் போகும். லெஸ்டரில் ஐந்து காயில் பெட்டி பத்துப் பவுண்டு வாக்கில் என்கிறான். வாரத்துக்கு ஒன்று என்றால் வருடத்துக்கு நூற்றுச் சொச்சம் பவுண்டு. அவன் முன்பு தினம் ஒரு பெட்டி சிகரெட் பிடித்தான். அங்கே இருபது சிகரெட் 15 பவுண்டுக்கும் மேல். வருடத்துக்கு ஐயாயிரம் பவுண்டைத் தாண்டுகிறது. பணக் கணக்கில் அவன் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் விலை குறைவு என்பதற்காகப் பெயர் தெரியாத காயிலை வாங்காதே என்று அவனிடம் கண்டிப்பாகச் சொன்னேன். காரணம் நம் ஊர்க்காரர்களுக்கு எளிதில் புரியும். குரோம் லெதர் கம்பெனியால் பெயர் பெற்ற ஊர் நம்முடையது. குரோமியம் நமக்குப் புது விருந்தாளி இல்லை. பல்லாவரம், நாகல்கேணிப் பக்கம் தோல் பதனிடும் தொழில் நிலத்தடி நீரை என்ன செய்தது என்று கிணறு வைத்திருந்தவர்களைக் கேளுங்கள். காயில் கம்பியாகப் பயன்படும் காந்தல் என்பது இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த கலவை. நிக்ரோம் என்றால் நிக்கலும் குரோமியமும். 2018இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தினமும் வேப் பிடிக்கும் 56 பேரின் சொந்தக் கருவிகளை வாங்கிச் சோதித்தார்கள். புட்டியில் இருந்த திரவத்தில் உலோகம் சொற்பம். காயிலைத் தாண்டி வந்த ஆவியிலோ குரோமியம், நிக்கல், ஈயம் எல்லாம் ஏறியிருந்தன. ஈயத்தின் இடைநிலை அளவு புட்டியில் இருந்ததைப் போல 25 மடங்குக்கும் மேல். இன்னொன்றும் கண்டார்கள். காயிலை அடிக்கடி மாற்றுகிறவர்களின் ஆவியில் உலோகம் கூடுதலாகவே இருந்தது. புதுக் காயில்தான் சுத்தம் என்று நினைக்கிறோம். பழையதில் கருகிய சர்க்கரை, புதியதில் உலோகம். இதில் எதைத் தேர்ந்தெடுப்பது?

இப்போது சட்டம். தமிழ்நாடு அரசு 2018லேயே மின்சிகரெட்டைத் தடை செய்தது. மத்திய அரசு 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டம் போட்டு, அந்த வருடக் கடைசியில் முழுச் சட்டமாக்கியது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், எடுத்துச் செல்வது எல்லாம் குற்றம். முதல் முறை ஒரு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் மூன்று வருடம், ஐந்து லட்சம். இருப்பு வைத்தாலும் ஆறு மாதம் வரை சிறை உண்டு. "பக்கத்துத் தெருப் பெட்டிக்கடையில் சிகரெட்டும் பீடியும் தொங்குகிறதே, அதை விட்டுவிட்டு இதை மட்டும் தடை செய்தால் எப்படி?" என்று கேட்பீர்கள். நானும் கேட்கிறேன். 2016–17 மத்திய அரசுக் கணக்கெடுப்பில் நம் நாட்டில் பெரியவர்களில் 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள் என்று வந்தது. அந்தப் பெரிய யானையை விட்டுவிட்டுக் குட்டியை மட்டும் கட்டியிருக்கிறார்கள் என்பது உண்மை. பள்ளிக்கூடத்திலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003 முதல் சட்டம் இருக்கிறது. நான் வேலை பார்த்த காலம் முழுக்க அந்தத் தூரத்தை டேப் வைத்து அளந்தவர்களை நான் பார்த்ததில்லை. அதற்காகக் குட்டியையும் அவிழ்த்துவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

தடை இருக்கும் இடத்தில் வாங்குகிறவனுக்கு இன்னொரு ஆபத்து. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். 2019இல் அமெரிக்காவில் திடீரென்று இளைஞர்கள் நுரையீரல் வெந்துபோய் ஆஸ்பத்திரியில் சேர ஆரம்பித்தார்கள். 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் சேர்க்கப்பட்டார்கள், 68 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சத்து கலந்த, கள்ளச் சந்தை வேப் குப்பிகள். திரவத்தைக் கெட்டியாகக் காட்டுவதற்காகச் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். தோலுக்குத் தடவும் க்ரீமில் இருக்கும் பொருள்தான் அது. எண்ணெய்ப் பொருளைச் சூடாக்கி நுரையீரலுக்குள் இழுத்தால் கதை வேறு.

நம் ஊருக்கு அடுத்த ஸ்டேஷன் பெயரே சானடோரியம். 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக ஆரம்பித்த இடம், இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. அந்தப் பக்கம் போகும் ரயிலில் மூச்சுக்கு மூச்சு நின்று படியேறுகிறவர்களைப் பார்த்து வளர்ந்த ஊர் இது.

ஆகவே என் பதில்கள்.

லெஸ்டர் தம்பிக்கு: நீ பதினாறு வருடம் சிகரெட் பிடித்தவன். அதை விட இது குறைந்த தீங்கு என்று அங்கே அரசு மருத்துவத் துறையே சொல்கிறது, அதை நான் மறுக்கவில்லை. 2025 ஜூன் 1 முதல் உபயோகித்து எறியும் வேப் அங்கே விற்கக் கூடாது என்று ஆகிவிட்டதால் நீ டேங்க் தேடுவதும் நியாயம். காற்றுத் துவாரம் மேலே இருப்பதாகப் பார். காயில் உன் தெருக் கடையிலேயே கிடைக்கிறதா என்று பார்த்த பிறகு டேங்கை வாங்கு. மாற்று ரப்பர் வளையம் பெட்டியிலேயே இருக்க வேண்டும். ஒரு ஓம் பக்கத்துக் காயில், குறைந்த வாட், இனிப்பில்லாத திரவம். புதுக் காயிலில் திரவம் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடு. புட்டியைப் பரண் மேல் வை, குழந்தைக்கு எட்டக் கூடாது. நிக்கோடின் அளவை இருபதிலிருந்து பத்து, பத்திலிருந்து ஐந்து என்று இறக்கிக்கொண்டே வா. எந்த மாதம் பூஜ்யம் என்று காலண்டரில் நீயே எழுதி எனக்குப் படம் அனுப்பு. டென்த்தில் ரிவிஷன் டைம்டேபிள் அனுப்பச் சொன்ன மாதிரிதான்.

"பிரெண்டுக்காக" கேட்ட பையனுக்கு: நீ சிகரெட்டே பிடித்ததில்லை என்று சொன்னாய். நம்புகிறேன். அப்படியானால் நீ எதிலிருந்து விடுபட இதை வாங்க வேண்டும்? உனக்குக் கசியாத டேங்க் என்று ஒன்று இல்லை. உன் பிரெண்ட் ஏற்கெனவே பழகியிருந்தால், 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை விடுதலை உதவி எண் இருக்கிறது, காசு கிடையாது. கூப்பிடக் கூச்சமாக இருந்தால் இரண்டு பேரும் சாயந்திரம் வீட்டுக்கு வாருங்கள். உன் அப்பாவிடம் பேச மாட்டேன். மொட்டை மாடியில் உட்கார்ந்து நாம் மூவரும் அந்த எண்ணுக்குப் போன் போடலாம்.

சிங்கப்பூரில் இருக்கும் மருமகள்களும் மாப்பிள்ளைகளும் கவனிக்க: அங்கே 2018 பிப்ரவரியிலிருந்து வைத்திருந்தாலே குற்றம். ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை முதல் மருந்துக் கடையில் மட்டும்தான். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சட்டம்.

கடைசியாக, ஆவணியில் கல்யாணத்துக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இந்தச் சாமானைப் பெட்டியில் போட்டுக்கொண்டு மீனம்பாக்கத்தில் வந்து இறங்க வேண்டாம். சொந்த உபயோகம், ஒன்றே ஒன்று, உதிரிப் பாகம் என்றெல்லாம் கஸ்டம்ஸில் நின்று வாதாடிக்கொண்டிருந்தால் முகூர்த்தம் தவறிவிடும். பெட்டியில் அந்த இடம் காலியாக இருந்தால் எனக்கு நீல மை ஒரு புட்டி வாங்கி வாருங்கள். மூடியை நன்றாக இறுக்கி, இரண்டு பிளாஸ்டிக் கவரில் போட்டு.